தோட்டாவும் காரீயமும்

துப்பாக்கியின் வரலாறு பெரும்பாலும் சுட்டவனின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவன் எத்தனை கஜத்துக்கு அப்பால் எதை வீழ்த்தினான் என்பதை மேனாட்டு நூல்கள் வியந்து வியந்து கூறும். அவன் சுட்ட தோட்டாவை நிரப்பியவர் யார், அதன் பித்தளை எங்கே உருகியது, அதற்குரிய உப்பைச் சுரண்டியெடுத்த கைகள் எவை என்ற வினாக்கள் அந்நூல்களில் எழுவதில்லை. அவற்றுக்கு விடை தேடிப் புறப்படுபவன், நம்மில் பலர் எதிர்பாராத வகையில், கொழும்புத் துறைமுகத்துக்கே வந்து சேர்கிறான்.

நம்மவர் துப்பாக்கியைத் துவக்கு என்பர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நம் ஆசிரியர் தலைமுறைக்கு, அச்சொல்லைக் கேட்டதும் 2009 வரை நீடித்த போர்க்காலத்துச் சோதனைச் சாவடிகளே நினைவில் எழும். ஆனால் வன்னிக் கிராமத்தவன் வேறொன்றையும் அறிவான்: இடியன் துவக்கு. குழாயின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, கோலால் இடித்து, சன்னத்தை இறக்கிச் சுடுவது அது. இடிப்பதால் இடியன். எவ்வளவு மருந்து, எவ்வளவு ஈயம் என்பதைச் சுடுபவனே தீர்மானிப்பான். தூரத்துக்கு ஓர் அளவு, பறவைக்கு ஓர் அளவு, பன்றிக்கு வேறோர் அளவு. தொழிற்சாலையை அவன் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

இந்தச் சுதந்திரத்தின் பொருளை ஆட்சியாளர் நன்கு உணர்ந்திருந்தனர். போர்த்துக்கேயரிடமிருந்து துப்பாக்கியை அறிந்த சிங்களக் கொல்லர் விரைவிலேயே அத்தொழிலில் தேர்ச்சி பெற்றுவிட்டனர். பொறியை இடப்புறத்தே அமைத்து, அடிக்கட்டையைப் பிளவுபடச் செதுக்கி, யானைத் தந்தமும் வெள்ளியும் பதித்து அவர்கள் செய்த துப்பாக்கிகள் கலைப்பொருள்களாக இன்று நூதனசாலையில் கிடக்கின்றன. 1803இல் கண்டிக்குள் புகுந்த பிரித்தானியப் படை சரணடைய நேர்ந்தது இத்தகைய துப்பாக்கிகளின் முன்னேதான். 1817-18 கிளர்ச்சி நசுக்கப்பட்டபின் மக்களிடமிருந்து ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. கொல்லனின் கலையும் அதனுடன் நலிந்தது. அதற்குப் பதினேழாண்டு முன்னரே, 1801இல், மருது சகோதரர் தூக்கிலிடப்பட்ட அதே ஆண்டில், தமிழகத்துப் பாளையங்களின் கோட்டைகளை இடித்து ஆயுதங்களைக் களையும் ஆணை பிறந்திருந்தது. இரு கரையிலும் ஒரே கொள்கை.

மக்களின் துப்பாக்கி பறிக்கப்பட்ட நாட்டில் துரைமாரின் துப்பாக்கி எதைச் செய்தது? யானைகளைச் சுட்டது. மேஜர் றொஜர்ஸ் என்பவர் ஆயிரத்து நானூறு யானைகளைக் கொன்றதாகப் பெயர் பெற்றவர். 1845இல் ஊவா மலையில் மின்னல் தாக்கி மாண்டார். 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு அரசாங்கம் சன்மானம் வழங்கியதாக அந்நாளைய குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் எழுதியுள்ளார். கோப்பிக்குக் காடு அழிந்த காலம் அது.

இனி நெம்புகோல் றைபிளுக்கு வருவோம். 1862இல் அமெரிக்கரான பீபொடி ஒரு பொறியை அமைத்தார். விரற்காப்பின் கீழுள்ள நெம்புகோலைத் தாழ்த்தினால் குழாயின் பின்வாய் திறக்கும். தோட்டாவை வைத்து நெம்புகோலை உயர்த்தினால் மூடும். சுவிஸ் நாட்டவரான மார்ட்டினி அதனைத் திருத்தினார். எடின்பரோ நகரத்து ஹென்றியின் குழாய் அதனுடன் சேர்ந்தது. 1871இல் பிரித்தானியப் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி றைபிள் இதுவே. இதன் தோட்டாவில் ஏறத்தாழ ஐந்தரைக் கிராம் கரும் வெடிமருந்தும் முப்பத்தொரு கிராம் ஈயமும் இருந்தன. ஆயிரம் கஜத்தைக் கடக்க அந்த ஈயத்துக்கு ஏறத்தாழ மூன்று விநாடி வேண்டும். அதற்குள் அது வளைந்து ஏறி வளைந்து இறங்கும். காற்று அதனைப் பக்கமாகத் தள்ளும். மருந்து சிறிது கூடினாலும் குறைந்தாலும் சன்னத்தின் வேகம் மாறும். நூறு கஜத்தில் தெரியாத அந்த வேறுபாடு ஆயிரம் கஜத்தில் ஓர் ஆளுயரமாகிவிடும். ஆகவேதான் நெடுந்தூரம் சுடுவோர் தம் தோட்டாவைத் தாமே நிறுத்து நிரப்பினர். 1874 செப்டெம்பரில் நியூயோர்க்கை அடுத்த கிரீட்மோரில் 800, 900, 1000 கஜத் தூரங்களில் அயர்லாந்துக் குழுவும் அமெரிக்கக் குழுவும் போட்டியிட்டன. அயர்லாந்தினர் வாய்வழி நிரப்பும் றைபிளையும், அமெரிக்கர் பின்வழி நிரப்பும் றைபிளையும் ஏந்தினர். 934க்கு 931 என்று அமெரிக்கர் வென்றனர். கனவான்களின் விளையாட்டு.

விளையாட்டு போர்க்களமான இடம் பிளெவ்னா. 1877இல் ருஷ்யரை எதிர்த்து அங்கே அரண் அமைத்த துருக்கியர் அமெரிக்காவில் வார்த்த பீபொடி-மார்ட்டினி றைபிள்களை வைத்திருந்தனர். பதுங்குகுழிகளில் தோட்டாப் பெட்டிகள் குவிந்திருந்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் கஜத்திலிருந்தே அவர்கள் சுடத் தொடங்கினர். ருஷ்யச் சிப்பாயின் றைபிளில் குறிகாட்டி அறுநூறு அடிவைப்புக்கு மேல் இல்லை. எதிரியைத் தொட முடியாத தூரத்தில் அவன் செத்து விழுந்தான். ஜூலை 30இல் மட்டும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் வீழ்ந்தனர் அல்லது காயமுற்றனர். ஜாரின் உத்தரவு அந்த விவசாயி மகனை மீண்டும் மீண்டும் அனுப்பியது. அந்தப் போருக்குத் தானாகவே சென்று காயமுற்ற கார்ஷின் என்ற இளைஞர் எழுதிய 'நான்கு நாட்கள்' கதையை ருஷ்ய இலக்கியம் பயில்வோர் அறிவர்.

துருக்கியர் அருகில் நெருங்கியவரைச் சுடவும் நெம்புகோல் துப்பாக்கியையே எடுத்தனர்: வின்செஸ்டர். இதன் உரிமையாளர் முதலில் சட்டை தைத்து விற்ற முதலாளி என்பது பொருளாதாரம் பயிலும் மாணவர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. நெம்புகோலை ஒரு முறை ஆட்டினால் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். ஆனால் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், கூர்முனைச் சன்னம் முன்னதன் கேப்பைக் குத்தி வெடித்துவிடும். எனவே மொட்டைமுனை வேண்டியதாயிற்று. மொட்டைமுனை காற்றில் விரைவில் களைத்துவிடும். அருகே வல்லது, தொலைவில் வலுவற்றது. 1873ஆம் ஆண்டு மாதிரியோடு வந்த தோட்டாவுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அதன் கேப்பு அடித்தட்டின் நடுவே இருந்ததால், வெடித்த கேப்பைக் கழற்றிப் புதியதை வைத்து, மருந்தும் ஈயமும் இட்டு மறுபடி சுடலாம். அதற்கான கைக்கருவியையும் நிறுவனமே விற்றது.

இந்தச் சிறு பித்தளைக் கூட்டில் ஒரு பெரிய அரசியல் அடங்கியிருக்கிறது. இடியன் துவக்குக்காரன் இழந்த சுதந்திரத்தின் ஒரு பாதியை நிரப்பத்தக்க கூடு திருப்பிக் கொடுத்தது. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில் கஸ்டரின் குதிரைப்படையை அழித்த லகோட்டா, செயென் வீரர் பலர் நெம்புகோல் றைபிள் ஏந்தியிருந்தனர் என்பதை அந்நிலத்தில் பின்னர் அகழ்ந்தெடுத்த கூடுகளே மெய்ப்பித்தன. அரசின் சிப்பாய்களிடம் இருந்ததோ ஒவ்வொன்றாக நிரப்பும் துப்பாக்கி. ஆயினும் இக்கலையைப் புனிதமாக்க வேண்டியதில்லை. ஷார்ப்ஸ் என்னும் கனத்த நெம்புகோல் றைபிளை வைத்துக்கொண்டு, பகலில் சுட்டு, இரவில் கூடாரத்தீயருகே ஈயம் உருக்கித் தோட்டா நிரப்பிய தோல் வேட்டைக்காரரே அப்பழங்குடிகளின் உணவாகிய காட்டெருமையைப் பத்தாண்டில் துடைத்தழித்தவர். கோடிக்கணக்கில் திரிந்த விலங்கு 1889 அளவில் ஆயிரத்துக்கும் குறைவாகவே காட்டில் எஞ்சியது. 1890 டிசெம்பர் 29இல் வூண்டட் நீ என்னுமிடத்தில் லகோட்டா மக்களின் துப்பாக்கிகளைப் பறிக்கப் படையினர் சோதனையிட்டபோது, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

இந்தியாவின் வடமேற்கு எல்லையில் அஃப்ரீதிகள் இதே கலையைக் கையாண்டனர். சிப்பாய்கள் சிதறிய வெற்றுக்கூடுகளைப் பொறுக்கி மறுபடி நிரப்பினர். மார்ட்டினியைப் பார்த்து மார்ட்டினி செய்தனர். 1897 திராப் போரில் மலை உச்சிகளிலிருந்து அவர்கள் தொலைவிலேயே குறிபார்த்தனர். அப்போரில் வெள்ளைச் சிப்பாயின் கையில் புகையற்ற மருந்தால் சுடும் புது றைபிள் இருந்தது. இந்தியச் சிப்பாயின் கையில் பழைய மார்ட்டினி. ஒவ்வொரு வெடியிலும் எழுந்த வெண்புகை, சுட்டவன் இருக்குமிடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது. 1857க்குப்பின் இந்தியனுக்கு ஒரு தலைமுறை பிந்திய ஆயுதமே தரவேண்டும் என்ற கொள்கையின் விளைவு இது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதன் மறுபக்கம். பின்னாளில் குடியேற்ற நாட்டுப் பொலிசாருக்காகக் கிறீனர் நிறுவனம் மார்ட்டினிப் பொறியிலேயே ஒரு துப்பாக்கி செய்தது. தனிவகைத் தோட்டாவன்றி வேறெதுவும் அதில் வெடிக்காதபடி அடிக்கும் ஊசியை முப்பிரிவாக அமைத்தனர். திருடிச் சென்றவனுக்கு அது வெறும் இரும்பு.

இனித் தோட்டாவின் உட்பொருளுக்கு வருவோம். கரும் மருந்தில் முக்காற்பங்கு வெடியுப்பு. பிரித்தானியப் பேரரசின் வெடியுப்பில் பெரும்பகுதியைப் பீகாரின் நுனியா சாதித் தொழிலாளர் குடிசைச் சுவரடிகளிலும் தொழுவங்களிலும் மண்ணைச் சுரண்டிக் காய்ச்சித் தந்தனர். மருந்துமணிகள் ஈரம் உறிஞ்சாதிருக்க அவற்றின்மேல் பூசப்பட்டது காரீயம். கூட்டின் பித்தளை உருகிய மூசையும் காரீயத்தாற் செய்ததே. காரீயம் என்ற பெயரில் ஈயம் இருக்கிறது, பொருளில் ஈயம் இல்லை. அது தூய கரி. ஐரோப்பியரின் புளும்பகோ என்ற பெயரிலும் இதே மயக்கம். அந்நாளில் உலகின் சிறந்த காரீயம் இலங்கையில் கிடைத்தது. லண்டன் பாட்டர்சியின் மோர்கன் ஆலையும், அமெரிக்காவின் டிக்சன் ஆலையும் இங்கிருந்தே வாங்கின. கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் குழிகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெட்டியெடுத்த கட்டிகளைக் கொழும்பு முற்றங்களில் பெண்கள் உடைத்துத் தரம் பிரித்தனர். பீப்பாய்களில் அடைத்துத் துறைமுகத் தொழிலாளர் கப்பலேற்றினர்.

முதல் உலகப்போர் இவ்வணிகத்தின் பொற்காலம். 1916இல் ஏற்றுமதி 33,000 தொன்னைத் தாண்டியது. அதற்கு முந்திய ஆண்டிலேதான், முஸ்லிம் மக்களுக்கெதிராக மூண்ட வன்செயலை அடக்குவதாகக் கூறி இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது; பஞ்சாபிச் சிப்பாய்களும் தோட்டத் துரைமாரும் தெருக்களில் சுட்டனர்; 1915 ஜூலை 7இல் ஹென்றி பேதிரிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். காரீயத்தாற் செல்வமடைந்த சேனாநாயக்க குடும்பத்துப் புதல்வர்களும் சிறையிடப்பட்டனர். அவர்கள் வெளியே வந்தனர். அவர்களுள் ஒருவர் 1947இல் பிரதமரானார். அவ்வாண்டு ஜூன் 5இல், பொது வேலைநிறுத்த ஊர்வலத்தின்மேல் கொழும்பில் பொலிசார் சுட்டபோது கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர் மாண்டார்.

1918இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. மடகஸ்காரின் மலிவான காரீயம் சந்தையைப் பிடித்தது. குழிகள் பல கைவிடப்பட்டன. முற்றத்துப் பெண்கள் கூலியிழந்தனர். போகலையும் கஹட்டகஹவும் இன்றும் இயங்குகின்றன. அங்கிருந்து வெட்டியெடுக்கப்படும் காரீயம் இன்றும் பெரும்பாலும் கப்பலேறித்தான் போகிறது.