லினக்சு கோப்பு முறைமைகளும் நினைவக முட்டுக்கட்டையும்

லினக்சில் ஒரு கோப்பு முறைமை, தன் பூட்டைப் பிடித்தபடியே இயக்குதளத்தின் மையமான கருனியிடம் நினைவகம் கேட்பதுண்டு. காலி இடம் இல்லையென்றால், தேங்கிக் கிடக்கும் கோப்பு விவரங்களை விடுவிக்கக் கருனி அதே கோப்பு முறைமையை அழைக்கும். அந்த அழைப்போ ஏற்கெனவே பிடிபட்ட பூட்டுக்காகக் காத்து நிற்கும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

இதைத் தவிர்க்க ஜிஎஃப்பி_நோஎஃப்எஸ் என்னும் கொடி வந்தது. நினைவகத்தைத் தேடலாம், ஆனால் கோப்பு முறைமைக்குள் மறுபடி நுழையக்கூடாது என்பது அதன் பொருள். ஆனால் ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் அதை மறவாமல் இட வேண்டும். எங்கோ ஆழத்திலுள்ள ஓர் உதவிச் செயற்கூறு வழக்கமான கொடியுடன் கேட்டால் பாதுகாப்பு போய்விடும். அஞ்சிய நிரலாளர்கள் தேவையற்ற இடங்களிலும் இட்டனர். மீட்கக்கூடிய நினைவகம் மீட்கப்படாமல் கிடந்தது.

எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை, ஒதுக்கீட்டை விட்டுவிட்டு, பரிமாற்றத்தை நடத்தும் செயலின் மீதே அடையாளம் இட்டது. என் பார்வையில் இதுவே சரியான இடம். 2013இல் வந்த 3.9 பதிப்பு, உள்ளீட்டு வெளியீட்டுக்கு இத்தகைய ஏற்பாட்டைத் தந்தது. 2017 சூலையில் வெளியான 4.12 பதிப்பில், மிகல் ஹொட்ஸ்கோவின் பணியால் எக்ஸ்எஃப்எஸ் அடையாளம் எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவானது. மெம்அலாக்_நோஎஃப்எஸ்_சேவ் என்று தொடங்கி, அதன் இணையான ரிஸ்டோரில் முடியும் பகுதிக்குள் நிகழும் ஒதுக்கீடுகள் அனைத்தும் தாமாகவே கட்டுப்படும். பழைய கொடி அதற்குப் பிறகும் உடனே மறைந்துவிடவில்லை.