பி.ஏ. பட்டத்தின் விலை

நம் சமூகத்துப் பிள்ளை ஒருவன் கலாசாலையிற் சேருங்கால், "இப்படிப்பு முடிந்தால் எவ்வளவு சம்பளம் வரும்?" என்பதே வீட்டாரிடத்து முதலில் எழும் வினா. இவ்வினாவை இழிவென்று ஒதுக்குவார் உளர். நாம் அங்ஙனம் ஒதுக்கோம். நிலத்தை ஈடு வைத்தும் நகையை விற்றும் பிள்ளையைப் படிப்பிக்கும் குடும்பம் வரவு செலவு பார்ப்பது குற்றமன்று. ஆயின், அவ்விலையை நிர்ணயித்தவர் யாவர் என்பதைச் சரித்திர வாயிலாக ஆராய்தல் அவசியமாகின்றது. கற்றவனுடைய கல்வியோ அதனை நிர்ணயித்தது? அன்று, அவனை வேலைக்கு வாங்கிய துரைத்தனமே நிர்ணயித்தது என்பது எமது துணிபு.

சென்னை இராஜதானியில் ஆங்கிலக் கல்விக்குச் சர்க்கார் கலாசாலை வேண்டுமென்று 1839-ஆம் வருஷத்தில் ஏறக்குறைய 70,000 பேர் கையொப்பமிட்டு விண்ணப்பம் செய்து கொண்டனர். 1841-இல் திறக்கப்பட்ட உயர்தரப் பாடசாலை 1855-இல் பிரஸிடென்ஸி காலேஜ் என்னும் பெயர் பெற்றது. 1857-இல் சர்வகலாசாலை ஏற்பட்டது. இவற்றிற்கிடையே 1844-இல், கவர்னர்-ஜெனரல் ஸர் ஹென்றி ஹார்டிஞ்ச், சர்க்கார் உத்தியோகங்களில் ஆங்கிலம் கற்றவர்க்கே முதலிடம் தருவதென வங்காளத்தில் ஓர் உத்தரவு பிறப்பித்தார். அவ்வுத்தரவு பிறந்த இடம் வங்காளமாயினும், அதன் கருத்து நம் இராஜதானியிலும் விரைவில் வேரூன்றிற்று. அன்று முதல் ஆங்கிலம் ஒரு பாஷையாக மட்டும் நில்லாது, ஓர் உண்டியல் சீட்டாகவும் ஆயிற்று. அதனை மாற்றிப் பணமாக்கும் கச்சேரியோ பெரும்பாலும் ஒன்றே.

சீட்டு செல்லுபடியான காலத்தில் அது செய்த நன்மையை மறைப்பது நியாயமன்று. தஞ்சை ஜில்லாவில் ஒரு கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு உதவியாளராயிருந்த முத்துசாமி ஐயர், ஆங்கிலம் கற்றதனால் 1877-இல் சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியானார். சர்வகலாசாலையின் முதல் பி.ஏ. பரீக்ஷையில் தேறிய இருவரும் யாழ்ப்பாணத் தமிழரே. அவருள் ஒருவராகிய சி. வை. தாமோதரம் பிள்ளை துரைத்தனத்துக் கணக்கு இலாகாவில் அமர்ந்து, பின்னர்க் கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை ஏட்டினின்று அச்சேற்றினார். ஆங்கிலப் பட்டம் தந்த உத்தியோகத்திலிருந்தவர் தமிழ் ஏடுகளைக் காத்தார் என்பதை, ஆங்கிலக் கல்வியை முற்றும் பழிப்பவர் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

இனிக் கும்பகோணத்துக்கு வருவோம். அங்குள்ள சர்க்கார் கலாசாலையில் 1880-இல் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்த உ. வே. சாமிநாதையருக்கு மாதச் சம்பளம் 50 ரூபாய். பட்டம் ஏதும் அவர்க்கில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டதே அவர்க்குற்ற தகுதி. அதே கூரையின் கீழ் ஆங்கிலமும் கணிதமும் கற்பித்த ஆசிரியர்கள் பெற்ற ஊதியம் அதனினும் பன்மடங்கு பெரிது. எவருடைய புலமை பெரிதென்று அளந்து பார்த்து இவ்வேற்றுமையை எவரும் செய்தாரல்லர்.

அக்கலாசாலைக்கே 1904-இல் உபகாரச் சம்பளத்துடன் வந்து சேர்ந்தார் சீனிவாச ராமானுஜம். கணிதத்தில் நிகரற்றவர், ஆங்கிலக் கட்டுரையில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. ஒரு பருவத்துக்குக் கட்டவேண்டிய கலாசாலைச் சம்பளம் 32 ரூபாய். தந்தையார் ஜவுளிக் கடைக் கணக்குப்பிள்ளை; மாத வருமானம் ஏறக்குறைய 20 ரூபாய். ஒன்றரை மாதத்துக் குடும்ப வரும்படியை ஒரு பருவத்துக்கு எடுத்து வைப்பது எங்ஙனம் இயலும்? பின்னர்ச் சென்னையில் பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்தும் எப்.ஏ. பரீக்ஷையில் அவர் தேறவில்லை. கணிதத்தில் அவர் எழுதிக் குவித்த நோட்டுப் புத்தகங்களுக்கு உத்தியோகச் சந்தையில் விலையில்லை. அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் மாதம் 20 ரூபாய்க்குச் சில நாள் வேலை செய்தார். 1912 மார்ச்சு மாதம் சென்னைத் துறைமுகக் கச்சேரியில் 30 ரூபாய்க் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

1913-இல் கேம்பிரிட்ஜ் ஹார்டி துரைக்கு அவர் கடிதம் எழுதினார். அதன்பின் அவ்வருஷமே சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. அது பட்டம் பெற்றவர்க்கே வழக்கமாய் உரியதாகலின், விதிக்கு விலக்கு வேண்டியதாயிற்று. மறுவருஷம் இங்கிலாந்து செல்ல ஆண்டொன்றுக்கு 250 பவுன் கொடுத்தது. கும்பகோணம் கொடாத பி.ஏ. பட்டத்தைக் கேம்பிரிட்ஜ் 1916-இல் ஆராய்ச்சிக்காகவே கொடுத்தது. இத்தனைக்கும் 30 ரூபாய்க்கும் 75 ரூபாய்க்கும் இடையே மனிதரும் மாறவில்லை, அவர் கணிதமும் மாறவில்லை. நல்லார் சிலர் முயன்றிராவிடின் என்னவாயிருக்கும் என நினைக்க நெஞ்சம் நடுங்குகின்றது. முயல்வார் இன்றிக் குமாஸ்தாக்களாகவே மறைந்தவர்களைச் சரித்திரம் எழுதிவைப்பதில்லை.

கலாசாலைகள் பெருகின, பட்டதாரிகளும் பெருகினர், உத்தியோகங்கள் அவ்வளவாகப் பெருகவில்லை. ஒருவனே வாங்குபவனாயுள்ள சந்தையில் சரக்கு மிகுந்தால் விலை இறங்குதல் வியாபாரிகளாகிய நம்மவர்க்கு யாம் சொல்லவேண்டுவதன்று. 1929-க்குப் பின் உலகெங்கும் வியாபார மந்தம் வரவே, நிலைமை மேலும் கெட்டது. ஐக்கிய மாகாணத்தில், படித்தவர்களின் வேலையின்மையை ஆராய 1934-இல் ஸர் தேஜ் பகதூர் சப்ரு தலைமையில் ஒரு கமிட்டியே நியமிக்க வேண்டியதாயிற்று. "பி.ஏ. தவறியவர்" என்பதுகூட ஒரு தகுதிபோல விண்ணப்பங்களில் எழுதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. அதைக் கேட்டு நகைப்பவர், எத்தனை குடும்பங்களின் நிலம் அச்சொல்லுக்குள் அடங்கியதென்பதையும் நினைத்தல் வேண்டும்.

ஒரு சந்தையில் மட்டும் பட்டத்தின் விலை எளிதில் இறங்கவில்லை. அது கலியாணச் சந்தை. மெட்ரிகுலேஷனுக்கு இவ்வளவு, பி.ஏ.-க்கு இவ்வளவு, வக்கீலுக்கு இவ்வளவு என்று வரதக்ஷிணை பேசும் வழக்கம் பல சாதியாரிடத்தும் பரவிற்று. நம்மவரும் அதற்குப் புறம்பானவரல்லர். மகனைப் படிப்பித்த செலவைக் கச்சேரியில் வசூலிக்க முடியாத தகப்பனார், சம்பந்தியிடம் வசூலித்தார். 1961-இல் வரதக்ஷிணைத் தடைச் சட்டம் வந்த பின்னரும் அவ்வசூல் ஒழிந்துவிடவில்லை. கலாசாலை வாயிலையும் மிதித்தறியாத பெண்ணொருத்தியின் தகப்பனார், தாம் ஒருநாளும் வாசித்தறியாத ஆங்கிலப் புத்தகங்களுக்குத் தம் நன்செயை விற்று விலை கொடுத்தார்.