மாட்டைப் படிக்க வெளிநாடு எதுக்கு?

எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு கால்நடை மருத்துவம் கடைசி வருஷம் படிக்குது. பண்ணை நடத்துறதும் பிராணிகள் நலனும் கத்துக்க சில வாரம் வெளிநாடு போகப் போகுதுன்னு சேதி வந்ததுமே டீக்கடையில அதே பேச்சுதான். "மாட்டைப் பத்திப் படிக்க வெளிநாடு எதுக்குப்பா? இங்க மாடு இல்லியா?"ன்னு பெரியவர் ஒருத்தர் கேட்டார். எல்லாரும் சிரிச்சோம். எனக்கும் பதில் தெரியலை.

அப்புறம் உட்கார்ந்து படிச்சுப் பார்த்தேன். இந்தப் படிப்பே அப்படி ஊர் விட்டு ஊர் போய்த் திரும்பி வந்தவங்களாலதான் பரவியிருக்கு. அவங்களைத் துரத்தினது ஒரு நோய். நம்ம ஊர்ல அதுக்கு வெக்கைன்னு பேரு.

வெக்கை வந்த மாட்டுக்குக் கடும் காய்ச்சல் அடிக்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகும், வாயெல்லாம் புண்ணாகும், பிறகு கழிச்சல். பத்து நாளுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். மருந்து கிடையாது. ஒரு மாட்டுக்கு வந்தால் பட்டியே காலி. எங்க அப்பா காலத்து ஆட்கள் பஞ்சத்தையும் வெக்கையையும் ஒரே மூச்சில்தான் சொல்வாங்க. உழவு மாடு செத்தா ஏர் நிக்கும், ஏர் நின்னா அடுப்பும் நிக்கும்.

1700-களில் இதே நோய் ஐரோப்பா முழுக்க அலை அலையாக அடித்தது. அந்த ஒரு நூற்றாண்டில் மட்டும் அங்கே சுமார் 20 கோடி மாடுகள் செத்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மனுஷனுக்கு வைத்தியம் படிக்க அப்பவே பல்கலைக்கழகம் இருந்தது. மாட்டுக்கு என்ன இருந்தது? லாடம் அடிப்பவர், மந்திரிப்பவர், கை வைத்தியம் தெரிந்த பெரியவர். அவ்வளவுதான்.

பிரான்ஸில் லியோன் நகரத்தில் குளோத் பூர்ஜெலா என்பவர் குதிரையேற்றப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். 1761-ல் அரசரின் அனுமதி வாங்கி, அடுத்த வருஷமே ஒரு பழைய சத்திரத்தில் கால்நடை மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். உலகத்தில் அந்த மாதிரிப் பள்ளி அதுதான் முதல். உடலை அறுத்து உறுப்புகளைப் பார்ப்பது, மருந்து செய்வது, லாடம் கட்டுவது எல்லாம் பாடம். பூர்ஜெலா குதிரைக்காரர் என்பதால் பாடத்தில் குதிரைக்குத்தான் முதல் இடம்.

விஷயம் வெளியே பரவியதும் மற்ற நாட்டு அரசாங்கங்கள் தங்கள் ஆட்களை லியோனுக்கு அனுப்பத் தொடங்கின. ஆஸ்திரியாவிலிருந்து ஸ்காட்டி என்பவர் போனார். திரும்பி வந்து வியன்னாவில் பள்ளி வைத்தார். இத்தாலியின் டுரின் நகரத்துக்குப் புருஞ்ஞோனே என்பவர் அதையே செய்தார். டென்மார்க் 1763-ல் அனுப்பியவர்களில் ஒருவர் பீட்டர் கிறிஸ்டியன் ஆபில்கோர். வயது இருபதுகளின் தொடக்கம். மருந்துக்கடையில் தொழில் பழகி, வைத்தியம் படித்துக்கொண்டிருந்தவர். 1766-ல் ஊர் திரும்பி, 1773-ல் கோபன்ஹேகனில் பள்ளியைத் தொடங்கினார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சுவீடன்காரர் கதை. செடிகொடிகளுக்குப் பெயர் வைத்த லின்னேயஸைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் 1732-ல் வடக்கே லாப்லாந்துப் பக்கம் பயணம் போனபோது, ஓர் ஊரில் வசந்த காலம் வந்தாலே மாடுகள் கொத்துக்கொத்தாகச் சாவதைப் பார்த்தார். மேய்ச்சல் நிலத்துக்கே போய்த் தேடினார். ஈரமான இடத்தில் முளைக்கிற ஒரு விஷச்செடியைக் காட்டி, இதைப் பிடுங்கிப் போடுங்கள் என்றார். இளஞ்சோளத்தை மேய்ந்தால் மாடு விழுந்துவிடும் என்று எங்க ஊர்ல மாடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். அதே மாதிரி அறிவுதான் இது. ஆனா அதை ஒரு பெரிய படிப்பாளி மாட்டுக்காக மெனக்கெட்டுத் தேடினார் பாருங்க, அது புதுசு.

அந்த லின்னேயஸின் மாணவர்தான் பேத்தர் ஹெர்ன்க்விஸ்ட். 1763-ல் லியோனுக்குப் போனபோது அவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அந்த வயசில் மறுபடி மாணவனாகப் போய் உட்கார ஒரு மனசு வேணும். திரும்பி வந்தவர் தலைநகரத்தில் கடை விரிக்கவில்லை. ஸ்காரா என்ற சின்ன ஊரில், மாடும் வயலும் இருக்கிற பக்கத்தில், 1775-ல் பள்ளியைத் தொடங்கினார். சுவீடனின் கால்நடை மருத்துவத்துக்கு அதுதான் வேர்.

நம்ம நாட்டுக்கும் லியோனில் படித்த ஒருத்தர் வந்திருக்கிறார். வில்லியம் மூர்கிராஃப்ட் என்ற ஆங்கிலேயர். மனித வைத்தியம் படித்துக்கொண்டிருந்தவர், லங்காஷயரில் மாடுகளுக்கு நோய் வந்ததைப் பார்த்து மனம் மாறி லியோனுக்குப் போனார். முறையாகக் கால்நடை மருத்துவம் படித்த முதல் ஆங்கிலேயர் என்று இவரைச் சொல்கிறார்கள். 1808-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இவரை பீகாரில் பூசா என்ற இடத்துக் குதிரைப் பண்ணைக்குக் கொண்டுவந்தது. நல்ல குதிரை தேடி இமயமலையைத் தாண்டிப் புகாரா வரை போனவர், 1825-ல் வழியிலேயே ஆப்கானிஸ்தானத்தில் இறந்துபோனார்.

கெட்டிக்காரர்தான், கஷ்டப்பட்டவர்தான். ஆனா அவர் வந்தது பட்டாளத்துக் குதிரைக்காக. குடியானவன் உழவு மாட்டுக்கு இல்லை. படிப்பு கடல் தாண்டி வந்தா மட்டும் போதாது, யார் வீட்டுத் தொழுவத்துக்கு வருதுங்கிறதும் முக்கியம். இந்திய மாடுகளின் கொள்ளை நோய்களைப் பற்றி ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுக்க 1871 ஆயிற்று. சென்னை வேப்பேரியில் கால்நடைக் கல்லூரி வர 1903 ஆயிற்று.

பிறகு கதை திரும்பியது. இமயமலைச் சரிவில் முக்தேஸ்வரில் இருந்த ஆய்வுக்கூடத்தில், 1920-களில் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி வெக்கைக் கிருமியை ஆடுகளின் உடம்பில் திரும்பத் திரும்பச் செலுத்தி, அதன் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசி செய்தார். இந்த முறை பாடம் இங்கேயிருந்து வெளியே போனது. 1960 வாக்கில் பிளவ்ரைட் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கென்யாவில் இருந்துகொண்டு இன்னும் பத்திரமான ஊசியைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் வெக்கை கடைசியாக வந்தது 1995-ல், நம்ம வட ஆர்க்காடு பக்கம். 2011-ல் உலகத்திலேயே வெக்கை இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடி மனுஷன் ஒழித்துக்கட்டிய இரண்டாவது நோய் இது. இன்னைக்கு எங்க ஊர்ப் பசங்களுக்கு வெக்கைன்னா வெயில் காலத்துப் புழுக்கம்தான்.

சரி, நோய் போயிடுச்சு, இப்ப என்ன கத்துக்கப் போறாங்க? அதையும் சொல்லிடறேன். 1964-ல் ரூத் ஹாரிசன் என்ற அம்மா, பிரிட்டன் பண்ணைகளில் கோழியையும் கன்றையும் எப்படி அடைத்து வளர்க்கிறார்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். ஜனங்கள் கொதித்துப்போனார்கள். அரசாங்கம் பிராம்பெல் என்ற பேராசிரியர் தலைமையில் குழு போட்டது. அடுத்த வருஷம் வந்த அறிக்கை கேட்டது ரொம்பச் சின்ன விஷயம்: ஒரு பிராணி எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள, கைகாலை நீட்ட இடம் வேண்டும். பிராணிகள் நலன் இன்று தனிப் பாடமாக நிற்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

இதைப் படிச்ச அன்னைக்குச் சாயங்காலம் எங்க கட்டுத்தறிக்குப் போய்ப் பார்த்தேன். மூணு மாடும் நல்லாத்தான் திங்குது. ஆனா கடைசி முளையில கட்டியிருக்கிற கிடேரிக்குக் கயிறு ரெண்டு முழம்தான். சுவத்துப் பக்கம் திரும்பவே முடியாது. முப்பது வருஷமா மாடு வெச்சிருக்கேன், இதை ஒருநாளும் யோசிச்சதில்லை. முளையைப் பிடுங்கித் தள்ளி அடிச்சு, கயித்தை நீட்டிக் கட்டினேன்.

அந்தப் பெரியவருக்கு இப்ப என்கிட்ட பதில் இருக்கு. போகட்டும் ஐயா. ஆபில்கோரும் ஹெர்ன்க்விஸ்ட்டும் போனாங்க, ஆனா திரும்பி வந்தாங்க. குதிரைக்குப் படிச்சதை அவங்க ஊர் மாட்டுக்கு ஏத்த மாதிரி மாத்துனாங்க. நூறு மாடு நிக்கிற கொட்டகையில பார்த்ததை மூணு மாட்டுக் கட்டுத்தறிக்கு மாத்திச் சொல்லத் தெரிஞ்சா போதும்.

பூர்ஜெலா தன் பள்ளிக்கு எழுதி வைத்த விதிகளில் ஒன்று, ஏழை யார் பணக்காரர் யார் என்று பார்த்துத்தான் மருத்துவர் கூலி வாங்கணும். நாட்டுச் செலவில் கற்ற வித்தைக்கு அதிக விலை வைக்கக் கூடாது என்பது. 1777-ல் எழுதினது. அந்தப் பொண்ணு கிளம்புறதுக்கு முன்னாடி இதையும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம்னு இருக்கேன்.