மஞ்சள் சாயம் காட்டிக் கொடுத்த ரகசியம்

சர்க்கரை வியாதிக்காக இன்சுலின் ஊசி போட்டுக் கொள்பவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். அந்தச் சின்ன பாட்டிலுக்குள் இருப்பது என்ன, எது எந்த வரிசையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மனிதர் பத்து வருடங்களுக்கு மேல் செலவழித்திருக்கிறார். அந்தக் கதை தான் இது.

இன்சுலின் 1921ல் கனடாவின் டொரோண்டோ நகரில் பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்து விட்டார்கள். அது ஒரு புரதம் என்பதும் சில ஆண்டுகளில் தெரிந்து விட்டது. புரதம் என்பது அமினோ அமிலம் என்ற மணிகளைக் கோர்த்த மாலை மாதிரி. மணிகளில் முக்கியமாக 20 வகை. எந்த மணி எத்தனை இருக்கிறது என்று ஓரளவு எண்ணி விடலாம். ஆனால் எதற்கு அடுத்து எது? அது தான் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மணியும் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் என்று 1930களில் பெர்க்மன், நீமன் என்ற இருவர் சொன்னார்கள். புரதத்துக்கு நிலையான வரிசையே கிடையாது என்று நினைத்தவர்களும் உண்டு!

இந்த நேரத்தில் தான் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிரடெரிக் சேங்கர் வருகிறார். 1918ல் பிறந்தவர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று சொல்லி விலக்கு வாங்கியவர். 1943ல் அவர் டாக்டர் பட்டம் பெற்ற சமயம், புதிதாக வந்த பேராசிரியர் சிப்னால் இன்சுலினை ஆராயச் சொன்னார். காரணம் எளிது. சுத்தமாகவும் வேண்டிய அளவிலும் கிடைத்த வெகு சில புரதங்களில் அது ஒன்று.

மாலையின் ஒரு முனையில் உள்ள மணியில் மட்டும் அமினோ தொகுதி எதனோடும் கட்டப்படாமல் இருக்கும். அந்த இடத்தில் போய் ஒட்டிக் கொள்ளும் ஒரு பொருள் கிடைத்தால் முதல் மணியைப் பிடித்து விடலாம். சேங்கருக்குக் கிடைத்தது ஃபுளோரோ டைநைட்ரோ பென்சீன். அதே பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் சாண்டர்ஸ் என்பவர் நடத்திய விஷ வாயு ஆராய்ச்சியில் இருந்து வந்த பொருள் அது. போரை மறுத்தவர் கைக்கு, போருக்காக நடந்த ஆராய்ச்சியில் இருந்து வந்த கருவி!

வேலை செய்யும் விதம் இது தான். லேசான காரக் கரைசலில், சாதாரண வெப்பத்திலேயே அது முதல் மணியோடு ஒட்டிக் கொள்ளும். பிறகு அமிலத்தில் கொதிக்க வைத்தால் மாலை அறுந்து எல்லா மணிகளும் உதிர்ந்து விடும். ஆனால் ஒட்டிய சாயம் பெரும்பாலும் விடாது. உதிர்ந்ததில் மஞ்சளாக இருப்பது எது என்று பிரித்துப் பார்த்தால், அது தான் முதல் மணி. (லைசின் என்ற மணி நடுவில் இருந்தாலும் சாயம் ஏறும். ஆனால் அதைத் தனியாக அடையாளம் காண முடியும்.)

1945ல் வந்த விடையில் இரண்டு முதல் மணிகள் இருந்தன. கிளைசின் ஒன்று, பினைல் அலனின் ஒன்று. அப்படியென்றால் இன்சுலினில் இரண்டு வகைச் சங்கிலிகள்!

ஆனால் முதல் மணி தெரிந்தால் போதுமா? மீதி எல்லாம் கலந்து போய் விடுகிறதே. எனவே சங்கிலிகளைத் தனித்தனியாகப் பிரித்து, அமிலத்தாலும் நொதிகளாலும் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் முனையையும் பார்த்தார்கள். கிழித்துப் போட்ட கடிதத்தை ஒட்டுவது மாதிரி, ஒன்றோடொன்று பொருந்தும் துண்டுகளை வைத்து வரிசையைப் பிடித்தார்கள். ஹான்ஸ் டுப்பியோடு சேர்ந்து 30 மணிச் சங்கிலி 1951லும், தாம்சனோடு சேர்ந்து 21 மணிச் சங்கிலி 1953லும் வெளியாயின. இரண்டையும் இணைக்கும் கந்தகப் பாலங்கள் 1955ல் தெரிந்தன. மொத்தம் 51 மணிகள். பெர்க்மன் சொன்ன ஒழுங்கான இடைவெளி எதுவும் அதில் இல்லை. ஆனால் வரிசை நிலையானது. 1958ல் சேங்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கிடையே ஸ்வீடனில் பேர் எட்மன் இன்னும் கெட்டிக்காரத்தனமான வழி ஒன்றை 1950ல் வெளியிட்டார். அவருடைய ஃபீனைல் ஐசோதயோசயனேட் முதல் மணியோடு ஒட்டி, அதை மட்டும் கழற்றிக் கொண்டு வரும். மாலை அப்படியே இருக்கும். அடுத்து இரண்டாவது மணி, மூன்றாவது மணி... 1967ல் ஆஸ்திரேலியாவில் ஜெஃப்ரி பெக் என்பவரோடு சேர்ந்து இந்த வேலையைத் தானே செய்யும் இயந்திரத்தையும் வெளியிட்டார். எட்மனுக்கு நோபல் கிடைக்கவில்லை. 1977ல் இறந்தார். சேங்கருக்கோ டி.என்.ஏ. ஆராய்ச்சிக்காக 1980ல் இரண்டாவது நோபலும் கிடைத்தது.

இன்று இந்த வேலையைப் பெரும்பாலும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் செய்கிறது. அதற்கு முன்பும் புரதத்தை வேதிப் பொருளால் மாற்றித் தயார் செய்யும் வழக்கம் தொடர்கிறது.

சரி, வரிசை தெரிந்ததால் என்ன லாபம்? பன்றியின் இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரே ஒரு மணி தான் வித்தியாசம், மாட்டினுடையதில் மூன்று என்று அப்படித் தான் தெரிந்தது. மனித இன்சுலினின் வரிசை கையில் இருந்ததால் தான் அதற்கான மரபணுவை வடிவமைத்து பாக்டீரியாவுக்குள் வைக்க முடிந்தது. 1982ல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதுவரை மாட்டின், பன்றியின் கணையத்தை நம்பியிருந்த நோயாளிகளுக்கு மனித இன்சுலினே பாட்டிலில் வந்தது. முதல் மணியில் ஒட்டிய ஒரு மஞ்சள் சாயம் தான் அதற்கெல்லாம் ஆரம்பம்.