மேற்பரப்பு ஒலியலைக் கருவிகளில் மின்மறுப்புக் கணிப்பு

மேற்பரப்பு ஒலியலைக் கருவி என்பது அழுத்தமின் படிகத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் எந்திர அலைகளைக் கொண்டு மின் குறிகைகளை வடிகட்டும் சிறு கருவி ஆகும். இத்தகைய அலை இயலும் என 1885 இல் இராலே பிரபு கணித வழியில் காட்டினார். 1965 இல் வைட், வோல்ட்மர் ஆகியோர் சீப்புப் பற்களைப் போல ஒன்றினுள் ஒன்று கோத்த உலோக மின்முனைகளால் அவ்வலையைப் படிகத்தில் நேரடியாக எழுப்பினர். கோட்டுச்சேரிமேடு போன்ற காரைக்கால் கடலோர ஊர்களின் மீன்பிடிப் படகுகளில் வழிகாட்டும் ஜி.பி.எஸ் வகை வாங்கிகளில் இவ்வடிகட்டிகள் பரவலாகப் பயன்படுகின்றன.

வடிகட்டியின் மின்மறுப்பு, அது இணையும் சுற்றின் மின்மறுப்புக்குப் (பெரும்பாலும் 50 ஓம்) பொருந்தாவிடின் குறிகையின் ஒரு பகுதி எதிரொளித்துத் திரும்பிவிடும். செயற்கைக்கோளிலிருந்து வருவதோ ஏற்கனவே மிக நலிந்த குறிகை. ஆகவே கருவியைச் செய்யுமுன் கணினியில் மின்மறுப்பைக் கணித்துப் பார்ப்பர்.

கணிக்கும் முறை

படிகத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்து, எந்திரச் சமன்பாடுகளும் மின்புலச் சமன்பாடுகளும் ஒருங்கே தீர்க்கப்படுகின்றன. மின்முனைகள் சீராகத் திரும்பத் திரும்ப வருவதால், ஓர் இணைப் பற்களை மட்டும் எடுத்துக்கொண்டு பக்க எல்லைகளைச் சுழல் எல்லைகளாக வைப்பது வழக்கம். அடிப்பக்கத்தில் அலையை விழுங்கும் அடுக்கு ஒன்று சேர்க்கப்படும்.

ஒரு பல்லுக்கு 1 வோல்ட்டு மாறுமின்னழுத்தம் தரப்பட்டு, மற்றது நிலத்துடன் இணைக்கப்படுகிறது. பின் முதற் பல்லில் சேரும் மின்னூட்டம் கூட்டப்படுகிறது. அதனைக் கோண அதிர்வெண்ணாலும் கற்பனை அலகாலும் பெருக்கினால் மின்னோட்டம் கிடைக்கும். மின்னழுத்தத்தை அம்மின்னோட்டத்தால் வகுக்க வருவதே மின்மறுப்பு. ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் இது திரும்பச் செய்யப்படும். மின்மறுப்பு சிறுமமாகும் இடம் ஒத்திசைவு; சற்று மேலே பெருமமாகும் இடம் எதிர் ஒத்திசைவு. இவ்விரண்டுக்கும் வெகு அப்பால் கருவி வெறும் மின்தேக்கி போலவே நடந்துகொள்ளும். விடையைச் சரிபார்க்க இப்பகுதியே எளிது: 2 பிக்கோபாரடு மின்தேக்கி 1575.42 மெகாஹெர்ட்சில் ஏறத்தாழ 50 ஓம் காட்ட வேண்டும்.

பொதுவான பிழைகள்

இருபரிமாணக் கணிப்பில் மின்னூட்டம் 1 மீட்டர் நீளப் பல்லுக்கு உரியதாகவே வரும். உண்மைப் பற்கள் 100 மைக்ரோமீட்டர் அளவே ஒன்றையொன்று மேவினால், அதனைச் சேர்க்க மறந்தவரின் மின்மறுப்பு 10,000 மடங்கு குறைந்து நிற்கும். அதுபோல, பல இணைகள் பக்க இணைப்பில் உள்ளதால், ஓரிணைக்கான மின்மறுப்பை இணைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

தணிப்பைச் சேர்க்காவிடில் ஒத்திசைவில் மின்மறுப்பு சுழியை நோக்கியும் எதிர் ஒத்திசைவில் முடிவிலியை நோக்கியும் ஓடும். அப்போது உச்சத்தின் உயரம் அதிர்வெண் படியின் அளவை மட்டுமே காட்டும், கருவியின் தன்மையை அல்ல.