சுடுகாட்டு மல்லி வைத்த ஆப்பு

நித்தியகல்யாணியை ராமநாதபுரம் பக்கம் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மணல்லயும் வேலியோரத்துலயும் தானா முளைச்சுக் கிடக்கும். சுடுகாட்டு மல்லி என்றும் பெயர். கசப்பு, ஆடு மாடு வாய் வைக்காது. மடகாஸ்கரிலிருந்து வந்த இந்தச் செடியை மானாவாரியாக விதைத்து, இலையையும் வேரையும் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிய மாவட்டங்களில் ராமநாதபுரமும் ஒன்று. வேர் ரத்த அழுத்த மருந்துக்கு, இலை புற்றுநோய் மருந்துக்கு.

இலையின் கதை சர்க்கரை வியாதியில் ஆரம்பிக்குது. ஜமைக்காவில் சர்க்கரைக்கு இதைக் கஷாயம் போட்டுக் குடிப்பார்கள். 1952இல் அங்கிருந்து ஒரு டாக்டர் கொஞ்சம் இலையைக் கனடாவுக்கு அனுப்பினார். வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியாகச் சாறு ஏற்றிய எலிகளோ கிருமித் தொற்றில் செத்தன. ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. அப்போ, வெள்ளையணு கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுக்கு இது உதவுமே! சார்லஸ் பீர் அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார், 1958இல் அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். எலி லில்லி (கம்பெனி பெயரே அதுதான், சோதனை எலி இல்லை) அதே செடியில் தனியாகத் தேடிக்கொண்டிருந்தது. 1961இல் அமெரிக்காவில் வின்பிளாஸ்டினுக்கு அனுமதி, 1963இல் அதன் தம்பி வின்கிறிஸ்டினுக்கு. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் வின்கிறிஸ்டின் இல்லாமல் முடியாது.

ஆனால் மருந்து புரதத்தில் எங்கே, எப்படி உட்காருது என்ற படம் 2005இல்தான் கிடைத்தது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுக்க நுண்குழாய்கள் வேணும். டியூபுலின் என்ற புரதம் செங்கல் மாதிரி அடுக்கி அடுக்கி அவற்றைக் கட்டுது. தன்னைவிட எடையில் நூறு மடங்குக்கு மேல் பெரிய அந்தச் செங்கல்கள் இரண்டுக்கு நடுவே வின்பிளாஸ்டின் ஆப்பு மாதிரி இறங்கிவிடும். வரிசை வளையும், குழாய் எழாது, செல் பிரிய முடியாமல் சாகும். நம்ம ஊர்ல 'ஆப்பு வெச்சிட்டான்'னு சொல்வோமே, அச்சு அசல் அதேதான். எலிகள் செத்ததும் இதனால்தான். எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணு பிறக்கிறதும் செல் பிரிந்துதானே.

இப்போ பாதை தலைகீழ். புரதத்தை முதலில் அடையாளம் கண்டு, அதற்குப் பொருந்தும் சின்ன மூலக்கூறைத் தேடுகிறார்கள். 2001இல் வந்த இமாடினிப் அப்படித்தான். எனக்கென்னவோ எலி செத்ததைக் கவனித்த கண்தான் பெருசாத் தெரியுது.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். 2022இல் ஈஸ்ட்டுக்குள் செடியின் மரபணுக்களைப் புகுத்தி, இந்த மருந்தின் இரண்டு பாதிகளையும் அதிலேயே விளைவித்துவிட்டார்கள். அது மலிவாகிற அன்னைக்கு நோயாளிக்கு லாபம். மானாவாரிக்காரருக்கு ஆடு மேயாத ஒரு பயிர் போயிடும்.