கோணல் வண்டி

1983-ஆம் வருஷம் மதுராந்தகத்துக்கு இப்பால் ஒரு புளியமரத்தோடு எனக்கு அறிமுகம் ஏற்பட்டது. மரம் என்னவோ தன் இடத்திலேதான் நின்றது. குறுக்கே ஓடிவந்த எருமைக் கன்றுக்கு வழிவிடப் போய், என் அம்பாஸடர்தான் மரத்தைத் தேடிச் சென்றது. எனக்கு உதட்டில் இரண்டு தையல். வண்டிக்கு இடது கண் போயிற்று; மூக்கு உள்வாங்கிவிட்டது; பானெட் ஓலைக் கூரை மாதிரி நிமிர்ந்துகொண்டது. பட்டணத்தில் பேர்போன பட்டறை ஒன்றில் கொண்டுபோய் விட்டேன். ஐந்து வாரம் கழித்துக் கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பார்வைக்கு ஒரு குறை சொல்ல முடியாது. ஓட்டினால்தான் விஷயம் தெரிந்தது. நேர் ரஸ்தாவில் ஸ்டியரிங்கைச் சற்றே வலப்புறம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் வண்டி நேராகப் போகும். கையை எடுத்தால் இடது பக்கத்துச் சாக்கடையின்மேல் அதற்கு அப்படி ஒரு பாசம்! பிரேக்கை மிதித்தால் அந்தப் பாசம் இரட்டிப்பாகும். புத்திசாலிகள் செய்கிற காரியத்தையே நானும் செய்தேன். விற்றுவிடுவது என்று தீர்மானித்தேன்.

கல்லூரி வாத்தியார் ஒருவர் வந்தார். கூடவே மனைவியும் இரண்டு சிறு பெண்களும். பெயின்டைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். ஐந்நூறு ரூபாய் முன்பணம் கொடுத்தார். புளியமரத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

கைமாற்றுமுன் டயர் பார்க்கப் புதுப்பேட்டையில் ஒரு கிழ மேஸ்திரியிடம் போனேன். அவர் டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டினார். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு. எதிர்ப்பக்கமாகத் தடவினால் அரம் போலச் சொரசொரப்பு.

"சார், இது எங்கியோ நல்லா முட்டிக்கின வண்டி" என்றார்.

"ரிப்பேர் பண்ணியாச்சே, மேஸ்திரி."

"மூஞ்சியப் பண்ணியிருக்காங்க. எலும்பைப் பண்ணலே."

அன்று முதல் இந்த எலும்பு சமாசாரத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அது கதையாகவே விரிந்தது.

நம் கட்டை வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. மாடு திரும்பினால் வண்டியும் திரும்பும். நாலு சக்கரக் கோச்சு வந்தபோதுதான் வம்பு பிறந்தது. முன் அச்சு முழுவதும் நடுவில் ஓர் ஆணியின்மேல் சுழலும். வளைவில் அச்சு திரும்பும்போது வண்டிக்குக் கால் ஊன்றும் இடம் குறுகிப்போய்க் குடை சாயும். இங்கிலாந்தில் எராஸ்மஸ் டார்வின் என்று ஒரு வைத்தியர் இருந்தார். குரங்கு விஷயத்தில் பிரசித்தி பெற்ற டார்வினுக்குப் பாட்டனார். நோயாளிகளைத் தேடி ஓயாமல் வண்டியில் அலைந்தவர். 1768-ல் வண்டியிலிருந்து விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டவர். அச்சை அசையாமல் வைத்து, சக்கரங்களை மட்டும் தனித்தனியே திருப்பலாம் என்று அவர் யோசித்திருந்தார். வளைவில் உட்புறச் சக்கரம் சின்ன வட்டத்தில் போகிறது. வெளிச் சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது. ஆகையால் உட்சக்கரம் கொஞ்சம் அதிகமாகத் திரும்ப வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

பிற்பாடு மூனிக் நகரத்தில் லாங்கென்ஸ்பெர்கர் என்ற வண்டி செய்பவர் இதையே செய்து காட்டினார். லண்டனில் அவருக்காக 1818-ல் பேடன்ட் வாங்கியவர் ருடால்ப் ஆக்கர்மன். இந்த ஆக்கர்மன் படங்களும் புத்தகங்களும் வெளியிட்டு விற்றவர். இன்றுவரை உலகம் அந்த அமைப்பை ஆக்கர்மன் ஸ்டியரிங் என்றுதான் சொல்கிறது. எழுதியவன் பெயர் மறைந்து பதிப்பாளர் பெயர் நிலைத்த கதை! என் தொழிலில் இருப்பவர்கள் பெருமூச்சு விடலாம்.

காருக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. சைக்கிளின் முன்போர்க்கைப் பாருங்கள், சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுதான் கையை விட்டாலும் சக்கரத்தை நேராக இழுத்துவைக்கிறது. காரிலும் அது உண்டு, கேஸ்டர் என்பார்கள். ஒரு பக்கத்துச் சாய்வு குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். முன்சக்கரங்கள் ஒன்றையொன்று எந்த அளவுக்கு நோக்கி நிற்கின்றன என்பது டோ-இன். அது தப்பினால்தான் டயர் அரமாகிறது. இந்தக் கோணங்களெல்லாம் சக்கரங்கள் வந்து மாட்டும் புள்ளிகள் தத்தம் இடத்தில் இருக்கும்வரைதான் நிற்கும். அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டிருப்பது அடிச்சட்டம்.

ஆதியில் கார்களுக்கு அது ஏணி மாதிரி தனியாக இருந்தது. உடம்பைக் கழற்றிவைத்துவிட்டு ஏணியை நிமிர்த்தலாம். 1922-ல் இத்தாலியில் லான்சியா கம்பெனி தன் லாம்டா காரில் ஏணியையே எடுத்துவிட்டு, உடம்பையே சட்டமாக்கியது. 1934-ல் பிரான்ஸில் ஸீட்ரோயன் அதைப் பெரிய அளவில் செய்தது. நம் அம்பாஸடரும் அந்த ஜாதிதான். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை வைத்து உத்தரபாராவில் செய்ய ஆரம்பித்து, 2014-ல் நிறுத்திய வண்டி. இந்த மாதிரி வண்டியில் மூக்கில் விழுந்த அடி மூக்கோடு நிற்பதில்லை. தரைத் தகட்டுக்கும் கதவுத் தூணுக்கும் கூரைக்கும் ஓடும். என் வண்டியின் இடது முன்கதவை ஓங்கிச் சாத்தவேண்டியிருந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

மேஸ்திரி செய்ததைச் சொல்கிறேன். வண்டியைச் சம தரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தினார். அடியில் முன்னும் பின்னுமாகச் சில புள்ளிகளிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்கட்டியால் குறியிட்டார். வண்டியைத் தள்ளிவிட்டுக் குறிகளுக்குக் குறுக்கே மூலைக்கு மூலை நூல் பிடித்தார். இரண்டு நூலும் ஒரே நீளம் இருக்க வேண்டும். முக்கால் அங்குலம் வித்தியாசம்! இடது முன்சக்கரம் பின்னுக்குப் போயிருந்தது. பேர்போன பட்டறை அதன்மேல் புது மட்கார்டும் பட்டியும் பெயின்டும் போட்டிருந்தது.

பிறகு தரையில் பதித்த கொக்கிகளில் வண்டியைப் பிணைத்து, சங்கிலியும் ஹைட்ராலிக் ஜாக்கியும் கொண்டு, அடி வந்த திசைக்கு எதிராக இழுத்தார். அடிபட்டபோது கடைசியாக மடிந்தது முதலில் நிமிர வேண்டுமாம். இரும்பு பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஆகையால் கொஞ்சம் அதிகமாக இழுத்து, விறைப்பிலேயே நிறுத்தி, சுற்றிலும் சுத்தியலால் தட்டிக் கொடுத்தார். தளர்த்தினார், அளந்தார், மறுபடி இழுத்தார். மூன்று நாள் இதே வேலை. சக்கரத்தைத் தாங்கும் கை வளைந்திருந்தது. "நிமிர்த்தினா என்ன?" என்றேன். "ஒரு வாட்டி வளைஞ்சது ரோட்ல உடையும் சார்" என்று தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிவரச் சொன்னார். டோ-இன் பார்த்ததெல்லாம் கடைசி நாளில்தான்.

இந்த வித்தை எல்லாக் கார்களுக்கும் ஆகாது. மெர்சிடிஸ் கம்பெனியில் பேலா பாரெனி என்ற எஞ்சினியர், உட்காரும் கூடு உறுதியாகவும் மூக்கும் வாலும் வேண்டுமென்றே நசுங்கும்படியாகவும் இருக்கட்டும் என்றார். 1959-ல் அப்படிப்பட்ட கார் வெளிவந்தது. இன்றைய கார்களின் மூக்கு நசுங்கி நம்மைக் காப்பதற்கென்றே பிறந்தது. அதைக் கேஸ் நெருப்பில் பழுக்கக் காய்ச்சி இழுத்தால் பலமான எஃகு பலமிழக்கும்; அடுத்த மோதலில் எங்கே மடியும் என்று சொல்ல முடியாது. பல உறுப்புகளை வெட்டியெடுத்துப் புதிது வைப்பதே முறை.

வண்டி வந்ததும் கடற்கரைச் சாலையில் விடியற்காலை கையை எடுத்துப் பார்த்தேன். நேராகப் போயிற்று. அன்று மாலையே வாத்தியார் வீட்டுக்குப் போய், புளியமரத்திலிருந்து சாக்கட்டிக் குறிவரை சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முன்பணம் வாங்கும்போது இது சரியாகி இருந்ததா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

உள்ளே பெண்கள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். வாத்தியார் ஐந்நூறு ரூபாயைத் திருப்பி வாங்கி, எண்ணிப் பார்த்து, ஜேபியில் வைத்துக்கொண்டார். அந்த வண்டியை இன்னும் பதினோரு வருஷம் நானே ஓட்டினேன்.